யும்னாவின் ஈ.சீ.ஜி

அன்பின் மச்சானுக்கு ஸலாம். நீங்களும் மாமியும் நம் மகள் யும்னாவும் சுகம்தானே? கற்பிட்டியில் நான் நலம். பதில் எழுதத்தான் பிந்திவிட்டது.

மூட்டு வீக்கத்துக்காகப் புத்தளத்தில் கிளினிக்குக்குப் போனேன். நகவடியின் இரத்த நாளங்களைப் பார்க்க விளக்கை எடுத்த டொக்டர் சிரித்துவிட்டார். என்னோடு படிப்பிக்கும் ஸஃப்னா டீச்சரின் கலியாணத்துக்கு விரல்நுனியெல்லாம் மருதோண்டி வைத்திருந்தேன். "தங்கச்சி, இந்தச் செவப்புக்குள்ள நான் எதப் பாக்க? மாப்பிள்ளயும் வந்திருக்காரா?" என்றார்.

பிறகு இரத்தம் எடுத்தார்கள். என் சொந்த உடம்பையே எதிரியாக எண்ணும் பிறபொருளெதிரிகள் (அன்டிபொடி) அதில் இருக்கின்றனவாம். மருந்து எடுத்தால் வேலை செய்யலாம், பயமில்லை. ஆனால் அதில் ஒருவகை, கருவில் இருக்கும்போதே தாயிடமிருந்து பிள்ளைக்குப் போய், அரிதாக இதயத் துடிப்பைக் குறைத்துவிடுமாம். யும்னாவுக்கு ஒரு ஈ.சீ.ஜி எடுத்துப் பாருங்கள். அழுதாளென்றால் அந்த வயரை முதலில் உங்கள் கையில் ஒட்டிக் காட்டுங்கள்.

எனக்கு இனி வெயில் கூடாதாம். அலுமாரியில் இருக்கும் கறுப்புக் குடையை அனுப்புங்கள். யும்னா கடித்த பிடியை மாற்ற வேண்டாம்.

பாடசாலைக்கு பஸ் வந்துவிட்டது. ஃபோனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதினேன். நான் எதையும் மறைக்கவில்லை மச்சான். யும்னாவின் ஈ.சீ.ஜி முடிவு எதுவானாலும் நீங்களும் மறைக்காதீர்கள்.

உங்கள் ஸுமைரா