மருந்தில்லாத பாட்டில்

இன்று காலை உன் அப்பா நம் கல்லூரி ஆய்வகத்துக்கு வந்தார். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் என்று கீழ்பென்னாத்தூர் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்களாம். அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். வேட்டி மடியை அவிழ்த்து, ஒரு கைப்பிடி நிலக்கடலையை, அவர் பேச்சில் மல்லாட்டையை, மேசையில் கொட்டினார். ஸ்பிரிட் நெடி அடிக்கும் அறை முழுக்க ஈரமண் வாசனை. உன் செடியில் காய்த்ததுடி.

இதே அப்பாதான் உன்னைக் கேலி செய்தவர். "களைக்கு அடிக்கற மருந்த ஊத்தி மல்லாட்ட மொளைக்க வெக்கறியாமே, உங்க காலேஜ்ல எல்லாருக்கும் கிறுக்கா?" நீயா சளைப்பாய்! "அளவுலதாம்பா இருக்குது. ஜாஸ்தியானா செத்துடும். துளி கலந்தா ஒரு துண்டுப் பருப்புலருந்து கொத்தா கரு கெளம்பும்." கிளம்பவும் செய்தது. பாட்டிலுக்குள், பழுப்பேறிய பருப்புத் துண்டின் மேல் ரவை ரவையாக வெளிர்பச்சைக் கரு. சந்தோஷத்தில் நீ கிள்ளிய கிள்ளில் என் கை கன்றிப்போனது.

ஆனால் அந்த மருந்து இருக்கும்வரை கரு கருவாகவேதான் இருக்கும். மருந்தில்லாத பாட்டிலுக்கு மாற்றினால்தான் வேர் விட்டுச் செடியாகும். மாற்றும் வேலையை மட்டும் நீ யாருக்கும் தரமாட்டாய். பெரும்பாலானவை கருகிப்போகும், அன்று முழுக்க உன்னிடம் யாரும் பேச முடியாது. ஒரே ஒரு செடியையாவது மண்ணில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் உன் ஆசை.

பிறகு உனக்குப் புற்றுநோய் வந்தது. முடி கொட்டிய தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாய். "எனக்கும் அளவு பாத்துதான் விஷம் ஏத்தறாங்கடி" என்று சிரித்தாய். டாக்டர்கள் மருந்து ஏற்றுவதை நிறுத்தி, வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்ன அன்றும் போனில் அதே சிரிப்பு.

"என்னையும் மருந்தில்லாத பாட்டிலுக்கு மாத்திட்டாங்க. இனிமே வேர் வுடணும், இல்லன்னா கருகணும். நீ அந்த பாட்டிலுங்கள பாத்துக்கோ."

"பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு உன் பாட்டில்களை எண்ணினேன்.

கடைசியாக வந்த அன்று நீ மாற்றி வைத்தவற்றில் ஒன்றுதான் வேர் விட்டது. அதைப் பார்க்க நீ இல்லை. தொட்டியில் கொஞ்சநாள் தேற்றி, உன் அப்பாவிடம் கொடுத்தேன். வாசலை ஒட்டி நட்டு, ஆடு மேயாமல் முள் கட்டிக் காப்பாற்றியிருக்கிறார்.

காய்களைத் தடவிக்கொண்டே கேட்டார்: "மருந்த நிறுத்தனதும் இது பொழச்சிக்கிச்சேம்மா. எம் பொண்ணு மட்டும் ஏம்மா பொழைக்கல?"

இத்தனை படித்து என்ன பிரயோசனம்? அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இன்றும் மாற்ற வேண்டிய பாட்டில்கள் இருந்தன. இப்போது அது என் வேலை. ஒவ்வொன்றுக்கும் மூடி போடும்போது "வேர் வுடு, வேர் வுடு" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று போனில் உன்னிடம் சொல்ல முடியாமல் போனது அதுதான்.