மாதா கெபிக்கு ஒன்றாம் எண், எங்கள் வீட்டுக்கு இரண்டு எண்கள்

அனுப்புநர்:
ரா. ஷைலா,
மிதி மென்பொருளகம்,
பலகைப்படி எண் 8, பதிவேட்டின்படி எண் 7,
லூர்து மாதா தெரு, புதுச்செங்கரை, ஆவடி வழி.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
புதுச்செங்கரை நகராட்சி.

பொருள்: கதவு எண் குளறுபடியால் டிரைவர் மென்பொருளுக்கான டிஜிட்டல் சான்றிதழ் மறுக்கப்பட்டது – ஒரு வரிக் கடிதம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷினில் என் அண்ணன் ரிச்சர்டின் இரு கை விரல்களும் போய்விட்டன. அவர் காலால் தட்டச்சு செய்ய ஒரு மிதிப்பலகை செய்தேன். அதைக் கணினியோடு இணைக்கும் டிரைவரையும் நானே எழுதினேன். வீட்டுக் கணினியில் பாதுகாப்பை அணைத்துவிட்டு ஓட்டுகிறோம். அவருக்கு வேலை தர முன்வந்துள்ள காட்டுப்பாக்கம் அலுவலகத்தில் அப்படி அணைக்க மாட்டார்கள். அது நியாயம்தான். எழுதியவர் யார் என்று சான்றிதழ் நிறுவனம் உறுதி செய்து, டிஜிட்டல் கையொப்பம் இருந்தால்தான் டிரைவர் அங்கே ஏறும். செப்டம்பர் 19 வரை காத்திருப்பதாக அந்த அலுவலகத்தார் சொல்லியிருக்கிறார்கள்.

2. முகவரியை உறுதி செய்ய அந்தச் சான்றிதழ் நிறுவனம் ஒரு ரகசியக் குறியீட்டைக் கூரியரில் அனுப்பும். அதுவும் அரசுப் பதிவில் உள்ள முகவரிக்கு மட்டும். சொத்துவரிப் பதிவேட்டில் நாங்கள் எண் 7. வாசல் பலகையில் 8. பலகை அடிக்க வந்த தங்கள் ஊழியர்கள் தெருமுனையில் மாதா சிலை உள்ள கெபியையும் வீடாக எண்ணி அதற்கு 1 அடித்துவிட்டார்கள். நாற்பத்தொரு வீடும் ஒன்று தள்ளிப்போனது.

3. முதல் கூரியர் 7 என்று பலகை உள்ள பக்கத்து வீட்டுக்குப் போனது. அங்கே பூங்காவனம் அம்மா, "கம்பெனியா? மாவு மெஷினுதாம்பா கீது, எதுனா அரைக்கணுமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். அவர் மேல் குறையில்லை. அடுத்த முறைக்கு அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். எங்கள் வாசலைக் காட்டினார். பலகையில் 8 இருந்ததால் கூரியர்காரர் தரவில்லை. 'இந்த முகவரியில் அப்படி ஒரு நிறுவனம் இல்லை' என்று சான்றிதழ் நிறுவனத்தார் விண்ணப்பத்தை மூடிவிட்டார்கள். மீண்டும் திறக்க நகராட்சிக் கடிதம் கேட்கிறார்கள்.

4. அதற்காக ஐந்து முறை வந்துவிட்டேன். கடைசி முறை வருவாய்ப் பிரிவில், "ஒண்ண மாத்துனா நாப்பத்தொண்ணையும் மாத்தணும். வேணும்னா மாதாவ காலி பண்ணச் சொல்லும்மா" என்றார்கள். அறையே சிரித்தது. அண்ணன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அன்றிலிருந்து அவர் மிதிப்பலகையைத் தொடவில்லை.

5. பலகைகளை மாற்றக் கேட்கவில்லை. அது நடக்காது என்று தெரியும். பதிவேட்டின் எண் 7-உம் பலகையின் எண் 8-உம் ஒரே வீடு என்று ஒரு வரி, கீழே ஒரு முத்திரை, அவ்வளவுதான். 19-க்குப் பிறகு அது எங்களுக்குத் தேவைப்படாது.

பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். அது மாவு மெஷினுக்குத்தான் போகும். திங்கட்கிழமை காலை நானே வருகிறேன். அண்ணன் வர மாட்டேன் என்கிறார். எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களிடமே என்னைத் திருப்பி அனுப்பாமல், தாங்களே பார்த்து முடித்துத் தரும்படி வேண்டுகிறேன்.

இடம்: புதுச்செங்கரை
நாள்: 12.09.2025

தங்கள் நகராட்சியில் வசிக்கும்,
ரா. ஷைலா