சாவி தருகிற கல்லூரி

4 மே

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அவள் முழங்கால் மட்டும் மாடிப்படியில் முனகுகிறது. போனில் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். எனக்கு வாயே வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எம்.இ.க்கு இரண்டு கல்லூரியிலும் இடம் கிடைத்துவிட்டது. பெரிய கல்லூரியின் பெயரைச் சொன்னதும் மாடிவீட்டு பேங்க் மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரும்மா" என்றார். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. ஆனால் அந்தக் கட்டணத்துக்கு நீங்கள் இன்னும் மூன்று வருஷம் வெளிநாட்டிலேயே வெல்டிங் செய்ய வேண்டும். சின்னக் கல்லூரியில் கட்டணம் இல்லை. லேபில் உதவி செய்தால் மாதாமாதம் கொஞ்சம் பணமும் தருவார்கள்.

இரண்டையும் போய்ப் பார்த்தேன். பெரியதில் இரும்பை இழுத்துச் சோதிக்கும் மெஷின் கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கிறது; வருஷத்துக்கு நாலு முறை தொடலாமாம். சின்னதில் பழைய மெஷின், எண்ணெய் கசிகிறது. அங்கிருந்த பேராசிரியை, "லேப் சாவி உன்கிட்டயே இருக்கும்" என்றார்.

சின்னதில் சேர்ந்தால் இந்த ஒப்பந்தம் முடிந்ததும் நீங்கள் வந்துவிடலாம். நீங்கள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது அப்பா.

உங்கள் மகள்

17 மே

என் வாயில்லாப்பூச்சிக்கு அப்பா எழுதுறது,

உன் லெட்டரை ரூம்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். "உன் மூஞ்சிக்கு இப்படி ஒரு பொண்ணா?"ன்னு கேட்டான் கிரேன்காரன். பொறாமை.

பெரிய காலேஜ்லயே சேரு. எங்க சைட்டுக்கு வர்ற இன்ஜினியருங்க கைகுலுக்குறதுக்குள்ள எந்த காலேஜ்னு கேட்டுக்கிறாங்க. நீ நாலு பேர் முன்னாடி வாயைத் திறக்க மாட்ட. அந்தப் பேரு உனக்காகப் பேசும்.

மூணு வருஷம் எனக்கு ஒண்ணுமில்ல. இங்க எல்லாம் பழகிப்போச்சு.

அப்பா

30 மே

அன்புள்ள அப்பாவுக்கு,

"பழகிப்போச்சு" என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

போன லீவில் வந்தபோது நம் குளியலறைக் கதவைத் தட்டி, அங்கே ரூமில் கேட்பதுபோல "உள்ள யாரு?" என்று கேட்டீர்கள். வீட்டில் இருந்த நாங்கள் இரண்டு பேரும் உங்கள் கண்ணெதிரில்தான் நின்றோம். இங்கே உங்கள் தட்டின் அடியிலும் அந்த ரூமின் கட்டில் நம்பரை எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அது அழியாதபடி அம்மா விரல் நுனியால் கழுவுகிறாள். கிளம்பிய அன்று உங்கள் முகம் கொஞ்சம் லேசானது. அதைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று சின்னக் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன். உங்களுக்காக மட்டும் இல்லை. தொட்டுப் படிக்க எனக்கு ஆசை. வரிசையில் ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். "நான்தான் முதல்ல வந்தேன்" என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது.

இனி என் படிப்புக்காக நீங்கள் அங்கே இருக்க வேண்டியதில்லை. வேறு காரணம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், கோபப்பட மாட்டேன். வருவதாக இருந்தால் தேதியை அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.

உங்கள் மகள்