ஓரத்திலிருந்து போன பார்வை

என் எஸ்தர் அக்காவுக்கு,

நீ இல்லாத முதல் கிறிஸ்துமஸ் வந்து போய்விட்டது. ஆம்பூரில் நம் தெரு முழுக்க நட்சத்திரம் தொங்கியது. நம் வீட்டில் உன் வீட்டுக்காரர், என் மாமா, கட்டவில்லை, ஜெனியும் கேட்கவில்லை. உன் மகள் இப்போதெல்லாம் எதையுமே கேட்பதில்லை அக்கா.

உன்னைப் பற்றி சனங்கள் இன்னும் தப்பாகத்தான் பேசுகிறார்கள். நல்லா கண் தெரிந்தவளுக்கு வண்டி வந்தது எப்படித் தெரியாமல் போனது என்று துக்கத்துக்கு வந்தவர்களே கேட்டார்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி உனக்கு எழுதுகிறேன்.

கண் தெரிந்தது உண்மைதான். ஷூ கம்பெனியில் கறுப்புத் தோலில் கறுப்பு நூல் ஓட்டித் தைத்தவள் நீ. ஊசியில் நூல் கோர்க்க முடியாத சின்னப் பெண்கள் உன்னிடம்தான் கொண்டு வருவார்களாம். கம்பெனியில் கண் முகாம் போட்டபோது கடைசி வரிவரை படித்தாய். கண்ணாடிகூட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டே இருந்தாய். சர்ச்சில் பக்கத்தில் நின்று கைகுலுக்கக் கை நீட்டியவர்களைக் கவனிக்காமல் வந்துவிட்டாய், உனக்குத் தலைக்கனம் என்றார்கள். ட்ராலியில் மோதியதற்கு சூப்பர்வைசர் கத்தினார். கவனம் கம்மியாகிவிட்டது என்று நீயே உன்னைத் திட்டிக்கொண்டாய். எதிரில் இருந்ததெல்லாம் பளிச்சென்று தெரியும்போது யாருக்குத்தான் கண் மேல் சந்தேகம் வரும்?

மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று நாம் இருவரும் துணைக்கு வேலூர் போனோம். கட்டுப் பிரித்த காலையில் அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எஸ்தரு, இந்தப் புடவை இவ்ளோ பச்சையா?" என்றார்.

அத்தனை நாளும் அவருக்கு எல்லாமே பழுப்பாகத் தெரிந்திருக்கிறது. நீ வாய்விட்டுச் சிரித்தாய். சிரித்துக்கொண்டே எழுந்து பக்கத்திலிருந்த ஸ்டூலில் இடித்துக்கொண்டாய். அங்கிருந்து நகர்ந்து மருந்து வண்டியிலும் இடித்தாய். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, மாமாவை விட்டு உன்னை உட்கார வைத்தார்.

கண்ணின் அழுத்தம் பார்த்தார்கள். பிறகு ஒரு மெஷினில் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். எங்கே வெளிச்சம் மின்னினாலும் பட்டனை அழுத்த வேண்டும். நான் உன் பின்னால் நின்றிருந்தேன். முதலில் அழுத்தினாய். பிறகு வெகுநேரம் உன் விரல் அசையவே இல்லை. கடைசியில் மெதுவாகக் கேட்டாய்.

"மெஷின் ஓடுதா சிஸ்டர்?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது அக்கா.

கிளாக்கோமா என்றார் டாக்டரம்மா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிட்டதாம். பெரும்பாலும் ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே வருமாம். வலி தெரியாது. நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் எழுத்துப் பலகையைப் படிப்பதை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கம்பெனியில் ஷூ ஒட்டும் பசை வாடையால் வந்த எரிச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் நீயாகக் கேட்டு வாங்கி வருஷக்கணக்காக விட்டுக்கொண்ட சொட்டு மருந்து அழுத்தத்தை இன்னும் ஏற்றியிருக்கும் என்றும் சொன்னார். மாமாவுக்கு மாதிரி எனக்கும் ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா என்று கேட்டாய்.

"புரைன்னா லென்ஸை மாத்திடலாம்மா. இது நரம்பு. போன பார்வை திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம், நான் எழுதித் தர்ற மருந்தை மட்டும் நிறுத்தக் கூடாது" என்றார். கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வரலாம், கூட்டி வந்து காட்டுங்கள் என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது நீ உனக்காக அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ காட்டிக்கணும் கிரேஸு. லீவு உட்டதும் நானே கூட்டினு போறேன்" என்றாய். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு விடுமுறை வர நாம் காத்திருந்தோம்.

அதற்குள் அந்தக் காலை வந்துவிட்டது. வேலூரிலிருந்து வந்த பிறகு தினமும் மாமாதான் உன் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிடுவார். அன்று கம்பெனி பஸ் முன்னாடியே வந்து எதிர்ப்பக்கம் நின்றுவிட்டது. அவர் பைக்கை ஸ்டாண்டு போடுவதற்குள் நீ பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டாய். பஸ் உனக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். பக்கவாட்டில் வந்த மோட்டார் சைக்கிள்தான் தெரியவில்லை.

ஓட்டி வந்தவர் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதார். "அவங்க கண்ணைத் தொறந்து ரோட்டைத்தான் பார்த்துனு இருந்தாங்க. என்னைப் பார்த்துட்டாங்கன்னு நெனச்சேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை அக்கா. உன்னோடு ஒரே வீட்டில் இருந்தவர்களும் அப்படித்தானே நினைத்திருந்தோம்?

புதிதாகத் தெளிந்த கண்ணால் மாமா நீ அடிபட்டதைப் பார்த்தார். "இந்தக் கண்ணு எனக்கு எதுக்கு கிரேஸு" என்று ஒரு தடவை கேட்டார்.

விடுமுறைக்கு நான் வேலூர் போனேன். அதே மெஷின். என் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது, நமக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். தாளை எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, இடது கண்ணில் ஒரு மூலை மட்டும் விட்டுப்போயிருக்கிறது என்றார். ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், கட்டுக்குள் வைக்கலாம், யார் அனுப்பினார்கள் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். அவருக்கு உன்னை ஞாபகம் இருந்தது. நீ ஏன் மறுபடி வரவில்லை என்று கேட்டார். அங்கேயே உடைந்து அழுதுவிட்டேன்.

ஜெனியையும் காட்டினோம். இப்போதைக்கு ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள், கூட்டிப் போவேன். மாமாவுக்கு இருக்கும் சர்க்கரை நோய் கண்ணின் உள்திரையைக் கெடுக்காமல் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன். உன் லைனில் தைத்த பெண்களிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் போய்க் காட்டிவிட்டு வந்தார்கள்.

டாக்டரம்மா எனக்குக் கொடுத்த சொட்டு மருந்தை விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருக்க வேண்டும். அந்த இருட்டில் நான் உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். ஜெனி இன்றைக்கு என்ன சாப்பிட்டாள், மாமா தூங்கினாரா, எல்லாம் சொல்கிறேன். உயிர் இருக்கும்வரை ஒரு நாளும் அந்த வேளையைத் தவறவிட மாட்டேன் அக்கா.

உன் இடுப்பில் வளர்ந்த தங்கச்சி,
கிரேஸ்