வாசற்படியில் உப்பு

ஈஸ்ட் ஹாம், லண்டன்
மாசி மாதம், 1987

அன்பு மகள் சிவகௌரிக்கு,

மாமி எழுதுகிறேன். முருகன் புண்ணியத்தில் நான் இருக்கிறேன். நீ கிளாஸ்கோவில் அண்ணை வீட்டில் ஒரு நேரமாவது வயிறாறச் சாப்பிடுகிறாய் என்று கேள்விப்பட்டால் அதுவே எனக்குச் சுகம். ரெலிபோன் எடுக்கும்போதெல்லாம் உன் அண்ணை பாலேந்திராதான் கதைக்கிறார். கௌரி படுத்திருக்கிறாள் என்கிறார், கௌரி குளிக்கிறாள் என்கிறார். பின்னால் நீ இருமுவது எனக்குக் கேட்கிறது. அதனால்தான் கடிதம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழைகளைப் பார்க்காதே.

நேற்று ரீவியில் காலநிலை சொல்லுகிற மனிசன் உங்கள் பக்கம் முழுவதையும் கையால் வளைத்துக் காட்டினான். முன்பென்றால் குலேந்திரன் பக்கத்திலிருந்து, அவசியமில்லாமல் வெளியிலை போகவேண்டாமாம் அம்மா, நிலமெல்லாம் ஐஸாம் என்று தமிழில் சொல்லுவான். இப்போது நான் அந்த மனிசனின் முகத்தைப் பார்த்து மட்டுக்கட்டுகிறேன். சிரிக்காமல் சொன்னால் மோசம் என்று எடுத்துக்கொள்கிறேன். நேற்று அவன் சிரிக்கவேயில்லை. அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பிள்ளை, வெளியில் போவதென்றால் அடி பிடிக்கிற சப்பாத்துப் போடு. கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நடக்காதே, சறுக்கினால் ஊன்றக் கை வேண்டும். அண்ணை வீட்டு காஸ் ஹீற்றருக்கு மேலே சுவரில் ஓட்டை இருந்தால் குளிர் வருகிறதென்று துணி அடைத்துவிடாதே. அப்படி அடைத்துவிட்டுப் படுத்தவர்கள் எழும்பவில்லை என்று இங்கே கதைக்கிறார்கள். மண்ணெண்ணெய் ஹீற்றருக்குக் கிட்டச் சீலை காயப் போடாதே.

கொஞ்சம் பொறு, வாசலைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். ஒன்றுமில்லை, காய்ந்துதான் கிடக்கிறது. ஆனாலும் ஐஸ் பிடிக்காமல் இருக்க இன்னும் ஒரு கை உப்புப் போட்டேன். இப்போது இதுதான் என் வேலை. ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. எழும்பிப் போய்க் கதவைத் திறந்து, படியைக் காலால் தடவிப் பார்த்தால்தான் மூச்சு வருகிறது. ஹை ஸ்ரீற்றில் அம்பலவாணன் கடையில் உப்புப் பை பையாக வாங்குகிறேன். அவர் முதலில் பகிடிதான் விட்டார். என்ன அக்கா, வீட்டுக்குள்ளை உப்பளம் வைச்சிருக்கிறியளோ என்று கேட்டார். வாசலுக்கு என்று சொன்னேன். மனிசன் முகம் மாறி, பையைத் தானே வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

உன்னைப் பற்றிப் பாலேந்திரா ஒன்று சொன்னார். நீ வெளியில் இறங்குவதில்லையாம். நாள் முழுக்க யன்னலடியில் இருந்து தெருவில் போகிற சனத்தின் காலைப் பார்க்கிறாயாம். ஆராவது அவசரமாக நடந்தால் கண்ணாடியில் தட்டி, மெதுவாய், மெதுவாய் என்று கையைக் காட்டுகிறாயாம். வெள்ளைக்காரச் சனம் இவளுக்கு விசரெண்டு நினைக்கப் போகுது மாமி என்று அவர் குறைப்படுகிறார். நினைத்தால் நினைக்கட்டும், விடும் தம்பி என்றேன். அவள் அங்கே கண்ணாடியில் தட்டுகிறாள், நான் இங்கே உப்பு எறிகிறேன், இரண்டும் ஒரே விசர்தான் என்றேன்.

கலாவதி மச்சாள் முந்தாநாள் பக்கத்து ஊர் பார்க்கிங்கிலிருந்து வந்தாள். தன் தமையன் பெற்ற பிள்ளை போய்விட்டானே என்று அழுதாள். அது ஞாயம். ஆனால் அழுகிற சாட்டில், இந்தக் குளிருக்கை வாசலிலை தண்ணி ஊத்துற பொம்பிளையை நான் எங்கையும் காணேல்லை, ஏன்தான் திரும்பி வாறாளோ என்று தொடங்கினாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பொங்கலண்டு உன்ரை வீட்டு வாசலிலை என்னடி செய்தனீ என்று கேட்டேன். அவள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நானும் தெளிச்சனான்தான், ஆனா என்ரை வாசல் பிளட்டுக்குள்ளை மூண்டாம் மாடியிலை எல்லோ இருக்கு என்கிறாள். அப்படியென்றால் அவளைக் காப்பாற்றியது அவளின் புத்தியில்லை, மாடிதான். சொல்லித்தான் அனுப்பினேன்.

கௌரி, நீயும் அதையேதான் உனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கதையை நீ கேட்கவேண்டும்.

பக்கத்து வீட்டுக் கத்தரினை உனக்கு ஞாபகம் இருக்கும். பூனைக்கு மீன் வாங்குகிற மனிசி. இந்தத் தெருவிலேயே பிறந்து, இந்தத் தெருவிலேயே கிழவியானவள். பேப்பர் வாசிப்பாள், ரேடியோ கேட்பாள், எந்த அறிவித்தலையும் விடமாட்டாள். போன கிழமை அவளின் படியில் ஐஸ் பிடித்திருந்தது. கேத்திலில் தண்ணியைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றியிருக்கிறாள். ஐஸ் கரைந்தது. போஸ்ற்காரனிடம் கடிதம் வாங்க அவள் திரும்பக் கதவைத் திறப்பதற்குள் அந்தத் தண்ணியே கண்ணாடியாய் உறைந்துவிட்டது. சத்தம் கேட்டு நான் செருப்பில்லாமல் ஓடினேன். எனக்கு உயிரே இல்லை. ஆனால் அவள் எழும்பி இருந்தாள். கைதான் முறிந்தது. அம்புலன்ஸ் வரும்வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, தான் ஒரு மடக்கிழவி, மடக்கிழவி என்று சிரித்தாள். அவ்வளவு இங்கிலீஷ் எனக்கு விளங்கும்.

அவளுக்குச் சிரிக்க முடிகிறது. கையோடு போனபடியால் சிரிக்கிறாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்து குழறினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். இந்த மண்ணில் பிறந்தவளுக்கே தெரியாதது, கட்டுநாயக்காவில் பிளேன் ஏறி இங்கே முழுதாய் இரண்டு குளிர் மாரிகூடக் காணாத உனக்கு எப்படியம்மா தெரியும்?

அந்தப் பொங்கலுக்கு முதல்நாள் இரவு, வேலை செய்கிற பெற்றோல் ஸ்ரேசனிலிருந்து குலேந்திரன் போன் எடுத்தது நினைவிருக்கிறதா? றோட்டெல்லாம் பளிங்கு மாதிரிக் கிடக்கு, ஒருத்தரும் வெளியிலை வெளிக்கிடாதேங்கோ, நான் விடியப் பாத்துப் பாத்து நடந்து வருவன், நான் வந்துதான் பானையிலை அரிசி போடுவன் என்றான். றோட்டுக்குப் பயந்தோம். ரீவியிலும் றோட்டைத்தான் காட்டினார்கள். எங்கள் வாசலும் றோட்டுத்தான் என்று எங்களுக்கு ஆர் சொன்னது? அவ்வளவு தூரம் பார்த்து நடந்து வந்த பிள்ளை, வீடு வந்துவிட்டது என்று கடைசிப் படியில் பார்க்காமல் கால் வைத்தான். ஆரைச் சொல்ல?

நீ செய்தது என்ன? நல்ல நாளில் சூரியன் வருமுன் எழும்பி, தலை முழுகி, வாசல் கழுவி, செம்பில் மஞ்சள் தண்ணி எடுத்துத் தெளித்துக் கோலம் போட்டாய். புருசன் வருகிற வாசலை வெளிச்சமாக்கினாய். நான் அன்றைக்கு உனக்கு முதல் எழும்பியிருந்தால் அந்தச் செம்பு என் கையில்தான் இருந்திருக்கும். இதைக் கலாவதிக்கும் சொன்னேன். உனக்கும் சொல்லுகிறேன். நீ நம்பும்வரைக்கும் சொல்லுவேன்.

செத்தவீட்டுச் சனம் போனபிறகு நீ அந்தச் செம்பைப் பின்வளவுக் குப்பை வாளிக்குள் போட்டாய். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ படுத்தபின் எடுத்துவிட்டேன். புளி போட்டு மினுக்கிச் சாமியறையில் வைத்திருக்கிறேன். அவன் படத்துக்குத் தண்ணி வைப்பது அதில்தான்.

பிள்ளை, எனக்கு அவன் ஒருவன்தான். அவன் எனக்கு விட்டுப்போனது நீ ஒருத்திதான். இந்த வீட்டில் ஆளுக்காள் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. குசினியில் இன்னொரு ஆளின் சத்தம் கேட்டால் போதும். பனி நிற்கும்போது வெளிக்கிடாதே. வானம் வெளிக்கட்டும், கோச் பஸ் ஓடட்டும், பாலேந்திராவையும் கூட்டிக்கொண்டு வா.

சித்திரையில் உறைபனி இருக்காது என்று கத்தரின் சொல்லுகிறாள். இந்த வருசம் எங்களுக்கு வருசப்பிறப்புக் கொண்டாட்டம் இல்லைதான். ஆனாலும் வாசல் தெளிக்கலாம், அதுக்குத் தடை இல்லை. அதுவரைக்கும் நான் உப்புப் போட்டு வைத்திருக்கிறேன். நீ வந்து அதைக் கழுவிவிடு. செம்பை எடுத்து நான் தருகிறேன்.

உன் காலடி எங்கேயும் சறுக்காமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் வரவுக்காகக் கதவடியில் நிற்கும்,
மாமி
தவமலர்