தட்டுச் சத்தத்தில் வந்த தூக்கம்

ஹைமா,

உன்னை எழுப்ப மனசு வரல. பருப்பு வேக வெச்சுப் பண்ணின பப்புசாறு அடுப்புமேல இருக்கு, சுட வெச்சுச் சாப்பிடு.

காலையில ஒரு அதிசயம். சின்னவன் சிணுங்கினான். நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள, நம்ம ரெண்டரை வயசுப் பெரிய மனுஷி சைத்ரா தொட்டில்கிட்டப் போய், "தூங்குடா தம்பி, அக்கா இருக்கேன்ல"ன்னு தட்டைக் கரண்டியால டங்கு டங்குன்னு தட்டினா. அவன் அப்படியே தூங்கிட்டான்! உன் வயித்துல இருந்தப்பவே இந்தச் சத்தம் பழகிடுச்சோ? நாமதான் இவன் பொறந்த இருபது நாளா, 'தட்டாதே, தூக்கம் கெடுது'ன்னு அவளை அதட்டிட்டு இருக்கோம். இன்னிக்கு நீயும் கவனிச்சுப் பாரேன்.

பத்து மணிக்குத் துனி ஊர்ல இருந்து எங்க அக்கா, சைத்ராவைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வருவாங்க. சாப்பாடு போட்டு அனுப்பு. சைத்ராவை அனுப்ப வேணாம். 'அவ அங்க போனாத்தான் நமக்குத் தூக்கம்'னு நேத்து நான் கத்தினது தப்பு.

ஸ்ரீஹரி

(கட்டி வெச்ச சைத்ராவோட துணிப்பையைப் பிரிச்சு அலமாரியில அடுக்கிட்டேன். "எதுக்குப்பா?"ன்னு கேட்டா. தட்டையும் கரண்டியையும் அவ கையில குடுத்துட்டேன்.)