வெட்டிவிட்ட மூன்று நிமிடம்

எருக்கலம்பிட்டி
05.05.2025

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் பிள்ளைகளும் சுகம். எல்லை தாண்டி மீன்பிடித்ததாக இந்தியக் கடற்படை உங்களைப் பிடித்து இன்றைக்கு மூன்று மாதம். நீங்கள் கொண்டாடும் இசையமைப்பாளர் தேவசகாயம் மாஸ்டர் இருக்கிற சென்னையிலேயே அடைபட்டிருக்கிறீர்கள். விருந்துக்குக் கூப்பிடவில்லையா?

நான் அண்ணனாக நினைத்திருந்த ஷிஹாப் நானா நேற்றும் வாசலில் வந்து நின்றார். "எஞ்சின் நல்லாத்தான் இருந்திச்சு தங்கச்சி. அல்லாஹ் மேல சத்தியம்" என்கிறார். அவர் இரவல் தந்த படகு எஞ்சின் நடுக்கடலில் நின்றதால்தானே நீங்கள் அந்தப் பக்கம் ஒதுங்கினீர்கள்? நான் கதவைத் திறக்கவில்லை. அவர் மகள் றிம்ஷாவின் கலியாணத்துக்கும் போகமாட்டேன்.

உங்கள் நுஸ்ரியா

சென்னைச் சிறை
28.05.2025

அன்பு நுஸ்ரியாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இங்கே ஓர் அறையில் நாற்பது பேர். புரண்டு படுக்க அடுத்தவனைக் கேட்க வேண்டும். மதிலுக்கு வெளியே ஒரு டீக்கடை; நாள் முழுக்க உனக்குப் பிடித்த அந்தக் கம்பியூட்டர் இசையமைப்பாளனின் பாட்டுத்தான். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிறான். எங்கள் மாஸ்டர் கதாநாயகி அழும்போது சும்மா இருப்பார். அவள் கண்ணைத் துடைத்த பிறகுதான் புல்லாங்குழல் வரும்.

நானாவோடு கோபம் வேண்டாம். கலியாணத்துக்குப் போ.

றஊப்

எருக்கலம்பிட்டி
20.06.2025

மச்சான்,

கலியாணம் முடிந்தது. ஊரே போனது. நான் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தேன். றிம்ஷா கலியாணச் சோறு கொடுத்தனுப்பினாள். திருப்பி அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளையை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

நுஸ்ரியா

சென்னைச் சிறை
11.07.2025

நுஸ்ரியா,

இங்கே கடிதங்களைப் பிரித்துப் படிப்பார்கள். அதனால் விடுதலையாகி வரும் நம் ஊர் ஜமால்தீனிடம் இதைத் தருகிறேன்.

எஞ்சின் நிற்கவில்லை.

அன்றைக்கு இந்திய றேடியோவில் மாஸ்டரின் பின்னணி இசை நிகழ்ச்சி. நாம் பார்த்த அந்தக் கப்பல் படத்தின் முடிவுக்கு அவர் போட்டு, டைரக்டர் வெட்டிவிட்ட மூன்று நிமிடத்தைக் கடைசியில் முதல்முறையாகப் போடுவதாகச் சொன்னார்கள். பாதியில் றேடியோ இரையத் தொடங்கியது. மேற்கே, இந்தியப் பக்கம் போகப் போகத் தெளியும் என்று கடலுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டேன். இசை முடிந்து தலையை நிமிர்த்தினால் பக்கத்தில் கடற்படைக் கப்பல்.

எஞ்சின் பழுது என்று சொல்லித்தான் வழக்கு நடக்கிறது. மாற்றிச் சொன்னால் எப்போது வெளியே வருவேனோ தெரியாது. நானாவிடம் நீதான் பேச வேண்டும். நான் கோழை.

கடைசியில் வயலின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து ஒரேயொரு குழல் மிஞ்சியது. அவ்வளவு அழகு, நுஸ்ரியா.

றஊப்

எருக்கலம்பிட்டி
02.08.2025

மச்சான்,

உங்களைப் பார்க்க வரும் ஜமால்தீனின் தம்பி கையில் இதை அனுப்புகிறேன்.

நானா வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாக அழுதேன். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டாக மடித்து என்னிடம் நீட்டினார். பிறகு, "அவன் முதல்ல வந்து சேரட்டும். எஞ்சின் பழுதெண்டு கோட்டுக்கு நானே சத்தியக் கடதாசி குடுக்கிறன்" என்றார். நேற்றுக் கையெழுத்தும் போட்டுவிட்டார். என் வாசலில் நின்று உண்மைக்குச் சத்தியம் பண்ணிய மனிதர்.

அந்த நிகழ்ச்சியை றேடியோவில் நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடலில் உங்களுக்குக் கேட்காமல் போனால் முடிவை நான் சொல்லலாம் என்று நினைத்தேன். இரையத் தொடங்கியது. நிறுத்திவிட்டு மீன் கழுவப் போனேன். நீங்கள் செய்ய வேண்டியிருந்ததும் அவ்வளவுதான்.

விடுதலையாகி வந்தால் முதலில் நானா வீட்டுக்குப் போங்கள். அவர் கூட்டிக்கொண்டு வந்தால் கதவைத் திறப்பேன்.

நுஸ்ரியா